முன்கண்ணாடிப் பீடிங்கும் மழை ஒழுக்கும்

அம்பாசடரின் கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கு வாடை அடித்தால், வாசனை டப்பா வாங்கி டாஷ்போர்டில் வைக்காதீர்கள். முன்பக்கத்து மேட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் ஃபெல்ட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கையில் ஈரம் ஒட்டினால் வண்டிக்குள் தண்ணீர் வருகிறது. பழைய வண்டியில் அதற்கு முதல் சந்தேகம் முன்கண்ணாடியின் மேல்தான்.

என் அப்பாவின் 1984 மாடல் வண்டியில் ஒழுக்கு ஒரு ஐப்பசியில் தொடங்கியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கண்ணாடியைச் சுற்றி வெளிப்பக்கமாகக் கறுப்பு சிலிக்கான் பூசிக் கொடுத்தார்கள். அந்த மழைக்காலம் முழுக்க உள்ளே ஒரு சொட்டுகூட விழவில்லை. நாங்களும் மறந்துவிட்டோம். மூன்றாவது வருடம் கண்ணாடியின் கீழ்மூலையில் பெயிண்ட் கொப்புளித்தது. கொப்புளத்தை நகத்தால் கீறினேன். நகம் உள்ளே போய்விட்டது. ரப்பருக்கு அடியில் இருந்த தகடு அப்பளமாக நொறுங்கியது. புதுப்பேட்டையில் கார் கண்ணாடி மாற்றுவதையே தொழிலாகச் செய்துவந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி உள்ள வர்ற வழிய விட்டுட்டு, வெளிய போற வழிய அடைச்சிருக்காங்க தம்பி."

அவர் சொன்னது அன்று எனக்கு முழுதாக விளங்கவில்லை. அந்தக் கண்ணாடி பாடியில் எப்படி நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் விளங்கியது.

1956-இல் இங்கிலாந்தில் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வண்டியை அடியொற்றி உத்தர்பாராவில் செய்யப்பட்டது அம்பாசடர். 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை அதன் உருவம் பெரிதாக மாறவில்லை. ஃபியட் 1100-இலிருந்து வந்த பிரீமியர் பத்மினியும் அதே காலத்து ஆள். இந்த வண்டிகளில் கண்ணாடி பாடியோடு ஒட்டப்படுவதில்லை. ஒரு தடித்த ரப்பர் வளையம் இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ரப்பரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் பள்ளம் தெரியும். ஒரு பள்ளத்தில் கண்ணாடியின் விளிம்பு. எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தில் பாடித் தகட்டின் விளிம்பு. இவை தவிர, வெளிமுகத்தில் மூன்றாவதாக ஒரு குறுகிய பிளவு ஓடும். பளபளக்கும் பீடிங் உட்காருவது அந்தப் பிளவில்.

பீடிங்கை வெறும் அலங்காரம் என்று நினைத்து, கழன்று விழுந்ததும் அதை விட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள் நிறைய. மண்வெட்டிக் காம்பு ஆடினால் ஆப்பு அடிக்கிறோம் அல்லவா, அந்த வேலையைத்தான் பீடிங் செய்கிறது. பிளவுக்குள் அது நுழைந்ததும் ரப்பரின் உதடு விரிந்து கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கிறது. பீடிங் போன வண்டியில் ரப்பர் தளரும். தளர்ந்த இடத்தில் மழைத்தண்ணீர் ஒரு மயிரிழை வழியைக் கண்டுபிடித்துவிடும். அதனால் ஒழுகும் வண்டியில் நான் முதலில் கேட்பது, பீடிங் முழுதாக இருக்கிறதா, நான்கு மூலையிலும் பிளவுக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்பதைத்தான்.

தண்ணீர் நுழைய இரண்டு வழி உண்டு: கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே, ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே. வெளியே மேலோட்டமாகப் பூசிய சிலிக்கான் இந்த இரண்டு பள்ளங்களுக்குள்ளும் போவதில்லை. விளிம்பில் ஒரு தோல்போலப் படிந்து நிற்கும். வெயிலில் பாடி விரிந்து சுருங்கும்போது எங்காவது ஒரு விரற்கடை தூரம் அந்தத் தோல் விட்டுக்கொடுக்கும். அங்கே நுழைந்த தண்ணீர் பழையபடி வழிந்து வெளியேற முடியாது. மழை ஓய்ந்து பத்து நாள் ஆனாலும் தகட்டின் மேலேயே கிடக்கும். எங்கள் வண்டியில் நடந்தது அதுதான்.

ஒழுகும் இடத்தைப் பிடிப்பது

ஈரம் தெரியும் இடம் ஒன்று, தண்ணீர் நுழையும் இடம் வேறு. மேல்விளிம்பின் நடுவில் புகுந்த தண்ணீர் ரப்பரின் பள்ளத்துக்குள்ளேயே வாய்க்கால்போல ஓடி, கீழ்மூலைக்கு வந்து சொட்டும். சொட்டும் மூலையில் மட்டும் சீலன்ட் வைத்துவிட்டு, அடுத்த மழைக்கு மறுபடி நனைகிறவர்கள் இதனால்தான் நனைகிறார்கள்.

மேட்டையும் ஃபெல்ட்டையும் வெளியே எடுத்துக் காயப்போடுங்கள். டாஷ்போர்டின் மேலும், அதன் அடியில் கால் வைக்கும் இடத்துத் தகட்டிலும் டால்கம் பவுடரை லேசாகத் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும், இன்னொருவர் வெளியே தோட்டத்து ஹோஸைப் பிடிக்க வேண்டும். ஹோஸின் வாயை விரலால் அழுத்திப் பீய்ச்சாதீர்கள். வாட்டர் வாஷ் அழுத்தத்தில் நல்ல ரப்பர்கூட ஒழுகும். அது சோதனையே ஆகாது. மழை வழிவதுபோல மெதுவாக வழிய விடுங்கள்.

முதலில் கண்ணாடியின் கீழ்விளிம்பு மட்டும், ஐந்து நிமிடம். உள்ளே ஒன்றும் வரவில்லையென்றால் பக்க விளிம்பு. கடைசியாக மேல்விளிம்பு. எடுத்ததும் மேலே ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எது நுழைந்த இடம் என்று சொல்லவே முடியாது. பவுடரில் ஒரு கோடு விழுந்ததும் ஹோஸை நிறுத்திவிட்டு, அந்தக் கோட்டை மேல்நோக்கிப் பின்தொடருங்கள். வெளிப்பக்கத்தில் அந்த இடத்துக்கு நேராக ஒரு சாக்பீஸ் குறி போட்டுவையுங்கள்.

கம்ப்ரஸர் வசதி இருந்தால் இன்னொரு வழி உண்டு. ரப்பரின் வெளிவிளிம்பு முழுக்கச் சோப்புத் தண்ணீரைப் பூசிவிட்டு, உள்ளிருந்து குறைந்த அழுத்தத்தில் காற்றை விளிம்பை ஒட்டிக் காட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை கிளம்பும்.

கண்ணாடியைக் குற்றவாளியாக்கும் முன் வைப்பர் தண்டுகளையும் பார்த்துவிடுங்கள். தண்டு பாடியைத் துளைத்து வரும் இடத்தில் நட்டுக்கு அடியில் ஒரு சிறிய ரப்பர் வாஷர் உண்டு. அது காய்ந்து வெடித்திருந்தால் தண்ணீர் நேராக டாஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கும். பார்ப்பதற்கு அச்சு அசலாக முன்கண்ணாடி ஒழுக்கு மாதிரியே இருக்கும். ஒரு ரப்பர் வாஷரில் முடியும் வேலைக்குக் கண்ணாடியையே கழற்றியவர்களை எனக்குத் தெரியும். ஏரியல் துளை, கூரையோரத்து மழைத்தண்ணீர்க் கால்வாயின் ஒட்டு, கதவு ரப்பர் ஆகியவையும் சந்தேகப் பட்டியலில் உண்டு. கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் சல்லடை உள்ள வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் அதையும் பார்க்க வேண்டும். பூவும் இலையும் மக்கி அடைத்துக்கொண்டால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே பொங்கும்.

தரையில் இருக்கும் ஈரம் வழவழப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது மழைத்தண்ணீர் இல்லை. ஹீட்டர் உள்ள வண்டியில் அது கூலன்ட்.

பீடிங்கைக் கழற்றுவது

இந்த வேலைக்கு வெயில் வேண்டும். காலை ஏழு மணிக்கு மரம்போல விறைத்திருக்கும் ரப்பர், பகல் பன்னிரண்டுக்கு வளைந்துகொடுக்கும். வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். வைப்பர் கைகளை எடுத்துவிடுங்கள். ரப்பரைச் சுற்றியுள்ள பெயிண்டின் மேல் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிய இடத்தில் பீடிங் ஒரு முறை மடிந்தால், எவ்வளவு தட்டி நிமிர்த்தினாலும் வெயில் படும்போது அந்த மடிப்பு கண்ணில் குத்தும். அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணாடிக்கு. பழைய வண்டிகளில் டஃபன்டு கண்ணாடி இருக்கலாம். அதன் விளிம்பில் இரும்பு முனை பட்டால் முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். மூலையில் பொறித்திருக்கும் எழுத்தைப் படித்தால் டஃபன்டா லேமினேட்டடா என்று தெரியும். போலராய்டு குளிர்க்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் டஃபன்டு கண்ணாடியில் திட்டுத் திட்டாக நிழல் தெரியும்.

நான் பயன்படுத்துவது மூங்கில் பட்டை. ஒரு விரல் அகலத்தில் சீவி, நுனியை ஆப்பு வடிவில் மெலித்து, உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்தது. இரண்டு வேண்டும். பிளாஸ்டிக் நெம்புகோல் செட் கடைகளில் கிடைக்கிறது, அதுவும் நல்லதுதான்.

பீடிங் பெரும்பாலும் இரண்டு துண்டாக இருக்கும். துண்டுகள் சந்திக்கும் இடத்தை ஒரு சிறிய மூடி மறைத்திருக்கும். அதன் அடியில் சோப்புத் தண்ணீர் விட்டு, துணியால் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளினால் நகரும். துரு பிடித்து நகராவிட்டால் அடிக்காதீர்கள், துருநீக்கும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டுக் காத்திருங்கள். மூடி நகர்ந்ததும் பீடிங்கின் முனை தெரியும். ரப்பரின் உதட்டை ஒரு மூங்கில் பட்டையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றைப் பீடிங்கின் அடியில் நுழைத்து முனையைத் தூக்குங்கள். அங்கிருந்து நான்கு விரல் தூரம் நான்கு விரல் தூரமாக, உதட்டை விலக்கு, தூக்கு, நகர். நேராக உங்களை நோக்கி இழுக்கக் கூடாது. மூலைக்கு வந்ததும் உதவிக்கு ஒருவரைக் கூப்பிட்டு, கழன்ற நீளத்தைத் தொங்கவிடாமல் தாங்கச் சொல்லுங்கள். பீடிங் மடிவது பெரும்பாலும் மூலையில்தான், அதுவும் தன் கனத்தாலேயே.

கழற்றிய துண்டில் டேப் ஒட்டி 'மேல் இடது', 'கீழ் வலது' என்று எழுதி, பழைய வேட்டி விரித்து அதன் மேல் வையுங்கள். அலுமினியப் பீடிங்கை காம்பவுண்டு போட்டுத் தேய்க்க வேண்டாம், மேலே இருக்கும் அனோடைஸ் பூச்சு போய்விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் தாராளமாக பஃபிங் செய்யலாம். குரோம் நிறத்து பிளாஸ்டிக் பட்டை போட்ட வண்டியில் அதைக் காப்பாற்றப் போராடாதீர்கள். வயதான பிளாஸ்டிக் ஒடியும், புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

ரப்பர் உயிரோடு இருந்தால்

பீடிங் எடுத்த பிறகு ரப்பரைக் கட்டை விரலால் அழுத்துங்கள். அமுங்கி, விரலை எடுத்ததும் மேலே வருகிறதா? உதட்டை விலக்கினால் விரிசல் இல்லாமல் விலகுகிறதா? அடியில் துரு நிறம் இல்லையா? மூன்றுக்கும் பதில் ஆம் என்றால் கண்ணாடியைக் கழற்றத் தேவையில்லை.

பழைய சிலிக்கான், தார், யார் யாரோ பூசியது அத்தனையையும் மூங்கிலால் சுரண்டி எடுங்கள். இதற்கு ஒரு பகல் முழுக்கப் போகும், போகட்டும். உதட்டுக்குள் சேர்ந்த மண்ணை பல் துலக்கும் பிரஷ்ஷாலும் சோப்புத் தண்ணீராலும் கழுவி, ஒரு முழு நாள் வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் வைத்த சீலன்ட் ஒட்டாது.

கடையில் கேட்க வேண்டியது ரப்பர் வைத்த கண்ணாடிக்கான காயாத வகை சீலன்ட், மாஸ்டிக். வருடங்கள் போனாலும் வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும் அது, பாடி அசையும்போது கூடவே அசைந்துகொடுக்கும். புளிக்காடி வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். அது ஆறும்போது வெளிவிடும் அமிலம் வெறுந்தகட்டை அரிக்கும். அது பட்ட இடத்தில் பிறகு பெயிண்டும் பிடிக்காது. இரண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசையும் எபாக்ஸி கல்லாக இறுகி, முதல் பள்ளம் மேட்டிலேயே வெடிக்கும்.

சீலன்ட் டியூபின் மூக்கைத் தட்டையாக நசுக்கிக்கொள்ளுங்கள். உதட்டை மூங்கிலால் விலக்கி, மூக்கைப் பள்ளத்தின் ஆழம்வரை விட்டு, முதலில் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே முழுச் சுற்று, பிறகு ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே முழுச் சுற்று. சாக்பீஸ் குறி போட்ட இடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஓரிடத்தில் ஒழுகும் ரப்பர் மற்ற இடங்களிலும் அதே வயதுதான். சுற்று முடிந்ததும் ரப்பரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வந்தால் மிகுந்தது வெளியே பிதுங்கும். அதை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரால் இன்னொரு முறை துடையுங்கள். மண்ணெண்ணெய் ரப்பரில் ஊறினால் ரப்பர் உப்பிவிடும். அதே காரணத்தால்தான் ரப்பருக்குத் தேங்காயெண்ணெய், டீசல் தடவிப் பளபளப்பாக்கும் பழக்கத்தையும் விட்டுவிடச் சொல்கிறேன். பளபளப்பு வேண்டுமானால் கிளிசரின் இருக்கிறது.

கண்ணாடியை வெளியே எடுக்க வேண்டியிருந்தால்

ரப்பர் கல்லாகியிருந்தாலோ, சுருங்கி ஒட்டுமுனைகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தாலோ, உதட்டுக்கு அடியில் துருப்பொடி கொட்டினாலோ வேறு வழியில்லை. இரண்டு பேர், தடித்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. எப்படியும் தூக்கிப்போடப் போகும் ரப்பரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். வெளிப்பக்கத்து உதட்டைக் கத்தியால் சுற்றிலும் வெட்டிவிட்டால் கண்ணாடி எந்த அழுத்தமும் இல்லாமல் வெளியே வந்துவிடும். உள்ளே இருப்பவர் மேல்மூலையில் உள்ளங்கையை விரித்து மெல்லத் தள்ள, வெளியே இருப்பவர் வாங்கிக்கொள்ள வேண்டும். கழற்றிய கண்ணாடியின் விளிம்பு சிமெண்டுத் தரையைத் தொடவே கூடாது, கம்பளியின் மேல்தான் வைக்க வேண்டும். லேமினேட்டட் கண்ணாடியின் ஓரம் பால்போல வெளுத்திருந்தால் நடுவில் இருக்கும் படலம் விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடியையும் மாற்ற இதுதான் சமயம்.

இப்போது தகட்டு விளிம்பைப் பாருங்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, சந்தேகமான இடத்தையெல்லாம் குத்தூசியால் குத்துங்கள். ஊசி இறங்கினால் அங்கே தகடு இல்லை, வெறும் துருதான் இருக்கிறது. இந்த இடத்தில் டிங்கரோடு நீங்கள் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கும். பழைய விளிம்பின் மேலேயே ஒரு புதுத் தகட்டை வைத்து வெல்டு அடிப்பது அவருக்குச் சுலபம். ஆனால் ரப்பரின் பள்ளம் ஒரு குறிப்பிட்ட கனத்துக்காகச் செய்யப்பட்டது. விளிம்பு இரட்டை கனமாகிவிட்டால் ரப்பர் முழுதாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நிற்கும். எவ்வளவு சீலன்ட் ஊற்றினாலும் அந்த வண்டி ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். அரித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் புதுத் தகட்டை முனையோடு முனை வைத்துப் பற்றவைத்து, வெல்டு மேட்டை கிரைண்டரால் சமமாக்கச் சொல்லுங்கள். விளிம்பில் பட்டி வேண்டாம். ரப்பரை ஏற்றும்போதே உதிர்ந்துவிடும்.

ஓட்டை இல்லாத துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர், அதன் மேல் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் பெயிண்ட். ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்துவிட்டு ரப்பரை மாட்டினால் போதாது. அந்த பிரைமர் தனியாகத் தண்ணீரைத் தடுக்காது. பெயிண்ட் நன்றாக இறுக மூன்று நான்கு நாள் விடுங்கள்.

புது ரப்பரை முதலில் கண்ணாடியைச் சுற்றி ஏற்றுங்கள். நீளமாக வாங்கி வெட்டி ஒட்டும் ரகம் என்றால், அளவைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி நெருக்கி ஒட்டுங்கள், ரப்பர் காலப்போக்கில் சுருங்கும். ஒட்டு மூலையில் வரக் கூடாது. கடினமான உலோகப் பீடிங் உள்ள வண்டியில், கண்ணாடி மேசையில் இருக்கும்போதே பீடிங்கை ரப்பரில் பொருத்திவிடுவது நல்லது. பாடியில் ஏறிய பிறகு அந்த வளைவுகளை நுழைப்பது பெரும்பாடு. வளையும் பிளாஸ்டிக் பட்டை என்றால் கடைசியில் செருகிக்கொள்ளலாம்.

தகடு உட்காரப்போகும் பள்ளத்துக்குள் 4 மி.மீ. நைலான் கயிறு ஒன்றைச் சுற்றிலும் பதியுங்கள். கயிற்றின் இரண்டு முனையும் கீழ்விளிம்பின் நடுவில் ஒன்றையொன்று தாண்டி, உள்பக்கமாக ஒரு சாண் தொங்க வேண்டும். பள்ளம் முழுக்கச் சோப்புத் தண்ணீர். வெளியே இருப்பவர் கண்ணாடியை இடத்தில் வைத்துக் கீழ்விளிம்பை அழுத்திப் பிடிக்க, உள்ளே இருப்பவர் கயிற்றின் ஒரு முனையைக் கண்ணாடியின் நடுவை நோக்கி மெல்ல இழுப்பார். கயிறு வெளியே வரவர ரப்பரின் உள்ளுதடு தகட்டைத் தாண்டி 'டப் டப்'பென்று உட்கார்ந்துகொண்டே போகும். கீழ்விளிம்பு, இரண்டு பக்கம், கடைசியில் மேல்விளிம்பு. வெளியே இருப்பவரின் உள்ளங்கை எப்போதும் கயிறு இழுபடும் இடத்துக்கு நேராக இருக்க வேண்டும். எங்காவது சிக்கினால் இழுவையைக் கூட்டாதீர்கள், சோப்புத் தண்ணீரைக் கூட்டுங்கள். முழுதும் உட்கார்ந்து ஈரம் காய்ந்த பிறகு, முன்பு சொன்னதுபோல இரண்டு பள்ளத்திலும் சீலன்ட்.

இத்தனையும் பழைய, ரப்பர் வைத்த கண்ணாடிக்கு மட்டுமே. உள்பக்கம் ரப்பர் உதடு தெரியாமல், கண்ணாடி பாடியோடு யூரிதேன் பசையால் ஒட்டப்பட்ட வண்டியில் இந்த வேலையில் இறங்காதீர்கள். அந்த வண்டிகளில் கண்ணாடி பாடியின் பலத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. ஒட்டு சரியில்லையென்றால் விபத்தில் உயிருக்கு ஆபத்து. அதற்கென்றே பயிற்சி பெற்றவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

வேலைக்கு நல்ல சமயம் ஆவணி. வெயில் இருக்கும், பெயிண்ட் காயும், வடகிழக்குப் பருவமழைக்கு நாளும் இருக்கும். மழை தொடங்கிய பிறகுதான் ஒழுக்கு தெரிந்தது என்றால் ஒப்பேற்ற ஒரு வழி: காய்ந்த ஒரு பகலில் மேல்விளிம்பிலும் பக்கங்களிலும் அகலமான பிளாஸ்டிக் டேப்பை ரப்பரும் பாடியும் சேர்த்து மூடும்படி ஒட்டுங்கள். கீழ்விளிம்பைத் திறந்தே விடுங்கள், புகுந்த தண்ணீர் வெளியேற வேண்டும். மேட்டையும் ஃபெல்ட்டையும் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். தரைத் தகட்டில் ரப்பர் அடைப்பான்கள் இருந்தால், தேங்கிய தண்ணீர் வடிய ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அவற்றைக் கழற்றி, வடிந்ததும் மாட்டுங்கள்.

வேலை முடிந்ததும் ஹோஸ் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள், இந்த முறை ஒவ்வொரு விளிம்புக்கும் பத்து நிமிடம். சொட்டு இல்லையென்றாலும் ஃபெல்ட்டை உடனே விரிக்க வேண்டாம். மேடு பள்ளமான சாலையில் நூறு கிலோமீட்டராவது ஓட்டி, பாடி முறுக்கிக் கொடுத்த பிறகு இன்னொரு முறை தண்ணீர் விடுங்கள். அதன் பிறகு, முதல் பெருமழை வரை, மேட்டுக்கு அடியில் பழைய செய்தித்தாள் போட்டுவையுங்கள். நனைந்து காய்ந்த தாள் சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.